சில்வர்ஸ்டோனில் நினைத்த சோழவரம்

ஸ்ரீ சிட்டியிலிருந்து சென்னைக்கு வரும் ஒவ்வொரு முறையும் சோழவரத்தைக் கடக்கிறேன். தடா, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை எனக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஊர்கள் வரிசையாக வந்து போகும். சோழவரம் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது ஏரி. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இவ்வூரில் உண்டு என்பதும், 1950களிலிருந்து ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் தென்னிந்தியக் கார்ப் பந்தயத்தின் தலைமை இடமாக அது விளங்கியது என்பதும் நெடுஞ்சாலையில் செல்பவருக்குப் புலப்படுவதில்லை.

இந்த இன்மை எனக்கு உறைத்தது சோழவரத்தில் அன்று, இங்கிலாந்தில். சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கிற்குச் சென்றபோது கிடைத்த ஓய்வு நாளில் சில்வர்ஸ்டோன் அருங்காட்சியகத்தை வெறும் சுற்றுலாப் பயணியாகப் பார்த்தேன். போர்க்காலத்து விமானக் கொட்டகை ஒன்றைப் புதுப்பித்து அமைத்த இந்த அருங்காட்சியகம் 2020 மார்ச்சில் முறைப்படி திறக்கப்பட்டது. பார்வையாளர் கைகட்டிப் பார்த்துச் செல்லும் இடமன்று. பாவனை இயந்திரத்தில் அமர்ந்து கார் ஓட்டலாம். பொறியியல் நுட்பங்களைத் தொட்டும் இயக்கியும் அறியலாம். இறுதியில் வெவ்வேறு காலத்து ஓட்டுநர்கள் ஒரே தடத்தில் போட்டியிடுவதாக அமைந்த ஒரு திரைக்காட்சி. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பாவனைத் தடத்தின் இரண்டாவது வளைவிலேயே நான் புல்வெளிக்குள் போய்விட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என்னை நிறுத்தியவை இயந்திரங்கள் அல்ல, தடத்தின் வளைவுகளுக்கு இட்ட பெயர்கள். ‘அபே’, ‘லஃப்பீல்டு’ என்பவை அங்கிருந்த இடைக்காலத் துறவிமடத்தின் நினைவு. ‘பெக்கெட்ஸ்’, ‘சேப்பல்’ இரண்டும் புனித தாமஸ் பெக்கெட்டின் பெயரால் அமைந்த சிற்றாலயத்தைச் சுட்டுபவை. ‘ஹேங்கர் ஸ்ட்ரெய்ட்’ விமானக் கொட்டகைகளால் வந்த பெயர். மடம் அழிந்தது, சிற்றாலயம் அழிந்தது, 1943இல் குண்டுவீச்சு விமானத் தளம் வந்தது, அதுவும் போனது. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஓட்டுநர்களின் வாயில் அந்தப் பெயர்கள் மட்டும் இன்றும் புழங்குகின்றன. ஊர்ப்பெயராய்வு செய்பவருக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

சில்வர்ஸ்டோனின் தொடக்கமும் அப்படியொன்றும் கம்பீரமானதன்று. 1947இல் நண்பர்கள் சிலர் கைவிடப்பட்ட தளத்தில் அனுமதியின்றிக் கார் ஓட்டினார்கள். குறுக்கே வந்த ஆடு ஒன்று அடிபட்டது. அந்த ஓட்டத்திற்கு ‘மட்டன் கிராண்ட் பிரீ’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1948 அக்டோபரில் முறையான பந்தயம் நடந்தபோது, ஓடுதளங்களில் எதிரெதிராக விரையும் கார்கள் ஒன்றையொன்று காணாதிருக்க நடுவே கான்வாஸ் திரை கட்டினார்கள்.

சோழவரமும் இதே காலத்தின் பிள்ளை. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இதே போன்றதொரு ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. முன்பு பார்முலா ஒன்று பந்தயங்களில் ஓடிய என்சைன் காரை 1980களில் விஜய் மல்லையா ஓட்டியது இங்கேதான். கோவை கரிவரதன் பந்தயக் காரை வெளிநாட்டில் வாங்காமல் உள்ளூரிலேயே வடிவமைக்க முனைந்ததும் இந்தச் சூழலில்தான். மாருதி எஞ்சினைக் கொண்டு அவர் உருவாக்கிய ‘பார்முலா மாருதி’ ஒரு தலைமுறைக்குப் பயிற்சிக் களமானது. 2005இல் இந்தியாவின் முதல் பார்முலா ஒன்று ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனும் அதில் தொடங்கியவரே. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்ததும் சோழவரத்தின் காலம் முடிந்தது.

கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கிறதே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அருமையான தொகுப்பு. ஆனால் அது சொல்வது காரின் வரலாற்றை. பந்தயத்தின் வரலாறு என்பது ஓட்டுநர், மெக்கானிக், பார்வையாளர், ஊர் ஆகியோர் சேர்ந்தது. சில்வர்ஸ்டோனின் பலமும் பாவனை இயந்திரங்களில் இல்லை. பிரித்தானியப் பந்தய ஓட்டுநர் சங்கத்தின் ஆவணங்களை அங்கே காக்கிறார்களே, அதில் இருக்கிறது.

நம் பந்தய வரலாறு பெரும்பாலும் ஆங்கில நாளேடுகளின் விளையாட்டுப் பக்கங்களில் வெற்றியாளர் பெயர்களாக எஞ்சியிருக்கிறது. காருக்கு அடியில் படுத்திருந்தவர்கள் பேசிய தமிழ் எங்கே? மாற்றுச் சக்கரத்தை நாம் ‘ஸ்டெப்னி’ என்கிறோம். 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் உருவான சக்கரத்தின் பெயர் அது. இங்கிலாந்தில் வழக்கொழிந்த சொல் நம் பட்டறைகளில் உயிரோடிருக்கிறது. ‘ஜாக்’ நமக்கு ‘ஜாக்கி’ ஆனது தனிக்கதை. ‘சோழவரம்’ என்பதே, பல்லவபுரம் பல்லாவரம் ஆனதுபோல, ‘சோழபுரம்’ மருவியதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

நான் வசிக்கும் இடத்தை நினைத்தால் கவலை கூடுகிறது. சத்தியவேடு வட்டாரம் 1960 எல்லை மாற்றத்தில் ஆந்திரத்துடன் சேர்ந்தது. அங்குள்ள சிற்றூர்களை உள்ளடக்கி 2008இல் ‘ஸ்ரீ சிட்டி’ எழுந்தது. 2016இல் இசுசு வாகன ஆலையும் வந்தது. ஊர்களின் மேல் ஒரே பெயர் படிந்துவிட்டது. தமிழும் தெலுங்கும் கலந்த அந்தப் பழைய பெயர்களை ஆலைச் சாலைகளுக்காவது இட்டிருக்கலாம்.

1955இல் இருபது வயதில் சோழவரத்தில் பந்தயம் பார்த்தவருக்கு இன்று தொண்ணூறு வயது. அப்படிப்பட்ட பெரியவர்கள், குறிப்பாக அங்கே மெக்கானிக்காக வேலை செய்தவர்கள், உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் எனக்கு எழுதுங்கள். ஒலிப்பதிவுக் கருவியுடன் நானே வருகிறேன். தடத்தின் வளைவுகளை அவர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதே என் முதல் கேள்வி.