கணியத்தின் கோணம்: மன்னார்க் கடலடிப் படிமங்களின் பிரிதிறன்

தென்கடற்கரை மீனவர்கள் கடலடிப் பாரை, அதாவது பாறைத்திட்டை, கணியம் பார்த்துக் கண்டார்கள். கரையில் கிட்டத்தில் ஒரு பனை, தூரத்தில் ஒரு மலை. இரண்டும் ஒரே நேரில் விழும்படி வள்ளத்தை நிறுத்தினால் ஒரு கோடு. வேறு திசையில் ஒரு கோபுரமும் குன்றும் சேர்ந்தால் மற்றொரு கோடு. இரண்டும் வெட்டுமிடத்தில் பார். அகலக் கோணத்தில் வெட்டினால் இடம் கச்சிதமாகச் சிக்கும். குறுகிய கோணமென்றால் வள்ளம் பல பாகம் விலகினாலும் தெரியாது. இந்தக் கோணக் கணக்கு, கடலடிப் பாறை அடுக்குகளை எதிரொலியால் படமெடுக்கும் நில அதிர்வு ஆய்விலும் உயிரோடிருக்கிறது. அதிர்வெண்ணைக் கூட்டினால் படம் தெளியும் என்போர் அதைக் கவனிப்பதில்லை.

2011 அக்டோபரில் மன்னார்ப் படுகையின் இலங்கைப் பகுதியில் கெய்ர்ன் நிறுவனம் தோண்டிய டொராடோ கிணற்றில், சுமார் 3,044 மீட்டர் ஆழத்தில் மணற்கல்லில் எரிவாயு கிடைத்தது. தடிப்பு 25 மீட்டர். பாறையில் ஒலி நொடிக்கு 3,000 மீட்டர் ஓடுகிறது, அலையின் அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 100 மீட்டர். ஓர் அடுக்கின் தலையும் அடியும் தனித்தனி எதிரொலியாகப் பிரிய அதில் கால்பங்கு, அதாவது 25 மீட்டர் தடிப்பாவது வேண்டும். டொராடோ விளிம்பில் நிற்கிறது.

அப்படியானால் 100 ஹெர்ட்ஸ் அனுப்பலாமே? அனுப்பலாம், திரும்பி வராது. பாறை உயர் அதிர்வெண்களையே முதலில் விழுங்கும். இப்படுகையின் கிரெட்டேசியஸ் காலப் பசால்ட்டைத் தாண்டித் திரும்புவது பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களே. அவை இன்னொரு வேலையும் செய்கின்றன. தாழ்பகுதி இல்லாத அலையில் முதன்மை முகட்டின் இருபுறமும் துணை முகடுகள் முளைக்கும்; அவற்றை மெல்லிய அடுக்குகள் என்று வாசித்து ஏமாறுவது எளிது.

ஆனால் கடற்பரப்பிலிருந்து தலைகீழாகத் திரும்பும் எதிரொலி அந்தத் தாழ்பகுதியைத்தான் தின்கிறது. ஹைட்ரோபோன் (நீரடி ஒலிவாங்கி) கேபிளை 8 மீட்டர் ஆழத்தில் இழுத்தால் 94 ஹெர்ட்ஸ் அருகில் ஒலி அழியும், தாழ்பகுதியும் மெலியும். 25 மீட்டருக்கு இறக்கினால் தாழ்பகுதி தேறும், 30 ஹெர்ட்ஸே அழியும். கேபிளைச் சாய்த்து இழுத்தால் ஒவ்வொரு ஹைட்ரோபோனிலும் அழியும் இடம் வேறுபடும்; ஒன்றில் போனதை மற்றொன்றிலிருந்து மீட்கலாம். ஒலி எழுப்பும் ஏர்கன் வெடிப்பைப் பெருக்குவதைவிட இது மேல். வடமேற்கே 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா இருக்கும் வளைகுடாவில் சத்தத்தைக் கூட்டுவது எனக்கு உவப்பானதல்ல.

கிடைத்திசையில் கணியமேதான் நடக்கிறது: அகலக் கோணத்தில் வெட்டும் கதிர்களே புள்ளியைக் கச்சிதமாகப் பிடிக்கும். மைக்ரேஷன், அதாவது எதிரொலிகளை அவை கிளம்பிய இடத்துக்கு நகர்த்தும் கணக்கு, செய்யாத படத்தில் 3 கிலோமீட்டர் ஆழத்துப் புள்ளி ஏறக்குறைய 390 மீட்டர் ஆரத்துக்குப் பரவிக் கிடக்கும். செங்குத்திலிருந்து 30 பாகை வரை வரும் கதிர்களைக் கூட்டினால் அது 50 மீட்டருக்குச் சுருங்கும். 10 பாகையோடு நிறுத்தினால் 144 மீட்டர். அந்த 30 பாகைக்கு, இலக்கின் விளிம்பைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் 1.7 கிலோமீட்டருக்கு மேல் அளக்க வேண்டும். 1976-இல் வகுத்த இந்திய–இலங்கைக் கடலெல்லையில் ஆய்வுக் கப்பல் திரும்பிவிட்டால், எல்லையோரக் கட்டமைப்புகள் ஒருபக்கக் கதிர்களோடு கலங்கியே தெரியும். இருநாட்டுப் பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்து மைக்ரேஷன் செய்தால், புதிதாக ஒரு வெடிப்பும் இல்லாமல் அங்கே பிரிதிறன் கூடும்.