மோட்டார் வண்டியின் மூச்சு

மோட்டார் வண்டி எண்ணெயினால் ஓடுகிறது என்பது பொதுவழக்கு. ஆயினும் எஞ்சின் உட்கொள்ளும் உணவில் மிகப் பெரும்பகுதி காற்றேயாகும். ஒரு பங்கு பெற்றோல் செவ்வையாக எரிவதற்கு நிறையளவில் ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று என்று கொள்ளலாம். அக்காற்று எவ்வாயிலால், எவ்வளவு சூட்டோடு, எவ்வளவு தூசியோடு உட்புகுகின்றது என்பதைப் பொறுத்தே எஞ்சினின் வலிமையும் ஆயுளும் அமைகின்றன. பந்தயக் கார் ஓட்டுவோர் இந்தக் காற்றுவாயிலைத் தம் விருப்பப்படி மாற்றியமைத்தனர். யாழ்ப்பாணத்தார் அதனை வேறு வழியின்றி மாற்றியமைத்தனர். இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்குவது பயனுடையது.

இரண்டாம் உலகப் போரின் பின் இங்கிலாந்திலிருந்து வந்த எம்.ஜி. போன்ற சிறிய விளையாட்டுக் கார்களில் எஸ்.யூ. காபுரேற்றர்கள் இரண்டு பூட்டப்பட்டிருந்தன. பந்தயத்துக்குச் செல்வோர் முதலிற் செய்த காரியம், அவற்றின் வாயிலிருந்த காற்று வடியைக் கழற்றி எறிந்துவிட்டு, எக்காளத்தின் வாய்போல் விரிந்த குறுங்குழாய்களைப் பொருத்துவதாகும். தடையின்றிக் காற்றுப் புகுந்தால் வேகம் கூடும். அக்காற்றுக் குளிர்ந்ததாயின் இன்னும் நன்று. வெப்பம் 10 பாகை செல்சியசு குறைந்தால் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு மூன்றளவு கூடுகின்றது. ஆகவே எஞ்சினின் சூட்டுக்கு அப்பால், வண்டியின் முன்புறத்திலிருந்து காற்றைக் குழாய்வழி கொண்டுவருதல் வழக்கமாயிற்று. ஆனால், வாயிலை மாற்றினால் எண்ணெயின் அளவையும் மாற்றவேண்டும் என்பதைப் பலர் மறந்தனர். எஸ்.யூ. காபுரேற்றரில் எண்ணெயை அளந்து விடுவது கூர்ந்த ஓர் ஊசி. அவ்வூசியின் பருமனை மாற்றாமல் வாயிலை மட்டும் திறந்தவர்கள் வேகத்துக்குப் பதிலாக எரிந்துபோன வால்வுகளையே பெற்றனர்.

சென்னைக்கு அருகே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுபாதையிற் பந்தயம் ஓடியவர்களும், நுவரெலியாவில் மலையேற்றப் போட்டிக்குச் சென்றவர்களும் இக்கணக்கை அறிந்தேயிருக்க வேண்டும். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடையது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதினும் ஐந்திலொரு பங்கு குறைவு. கொழும்பிற் செவ்வையாக ஓடிய எஞ்சின் அங்கே கரும்புகை கக்கும்.

பந்தயக் காருக்கு ஒரு நாள் ஓடினாற் போதும். வாடகைக் காருக்கு அது போதாது. யாழ்ப்பாண நகரின் கிழக்கு எல்லையில், கண்டி வீதியின்மேல் அமைந்த ஊர் அரியாலை. நாவற்குழிப் பாலத்தையும் செம்மணி வெளியையும் தாண்டி வருவோர் நகருக்குள் நுழையும் வாயில் அதுவே. தெற்கே கடல்நீரேரி, சோளகம் வீசும் மாதங்களில் மணலும் உப்பும் கலந்த காற்று. நுண்மணல் எஞ்சினுக்குட் புகுந்து, உருளையையும் வளையங்களையும் அரத்தால் அராவுவதுபோல் அராவிவிடும். இதற்கு அக்காலத்து நல்ல மருந்து எண்ணெய்த் தொட்டி வடி. உள்ளே வரும் காற்று எண்ணெயின்மீது மோதித் திரும்புகையிற் பாரமான தூசி எண்ணெயிலே தங்கிவிடும். வயலில் உழைக்கும் உழவு இயந்திரங்களுக்கு இதுவே பூட்டப்பட்டது. விரைவை விரும்புவோருக்கு இது பிடிக்காது. காற்றைச் சற்றுத் தடுக்கும், பாரமும் கூட. இருந்தும் 1950களின் ஒஸ்ரின் ஏ 40 கார்களும் மொறிஸ் மைனர்களும் குடாநாட்டில் அரை நூற்றாண்டு உழைத்தமைக்கு இத்தகைய பொறுமையான உறுப்புக்களும் காரணமாகும். பிற்காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் புதிய கார்கள் அரிதாயின. பழையவற்றைப் பேணுதல் ஒரு கைத்தொழிலாகவே வளர்ந்தது.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. மின்சாரம் நின்றது. குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் மின்கலங்களும் உதிரிப்பாகங்களும் செல்வது தடைசெய்யப்பட்டது. வானொலி கேட்பதற்கே சைக்கிள் டைனமோவைக் கையாற் சுழற்றிய காலம் அது என்பதை நேயர்கள் பலர் மறந்திரார். மண்ணெண்ணெய் மட்டும் சிறிதளவு, பெருவிலையிற் கிடைத்தது. ஆகவே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின.

இஃது அடியோடு புதிய அறிவன்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நீர் இறைத்த கமக்காரர், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறும் இறைப்பு இயந்திரங்களை நெடுங்காலமாகக் கையாண்டு வந்தனர். இங்கிலாந்தின் பேர்குசன் உழவு இயந்திரத்திலும் அத்தகைய வகை ஒன்று 1949 முதல் இருந்தது. ஆனால், அவை அதற்கென்றே செய்யப்பட்டவை. பெற்றோலுக்குச் செய்த காரை மண்ணெண்ணெயில் ஓட்டுவது வேறு.

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது துளித்துளியாகவே நின்று, சுவர்களில் வழிந்து, கீழே உள்ள மசகெண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே முதலில் காற்று வடியைக் கழற்றி, காபுரேற்றரின் வாயிற் சில துளி பெற்றோலை விடுவார்கள். எஞ்சின் பற்றிக்கொண்டு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய் வழி திறக்கப்படும். பொன்போற் பேணப்பட்ட அந்தப் பெற்றோல் சிறு குப்பிகளில் இருந்தது. எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடியும் சில துளி. ஆகவே நிறுத்தாமல் ஓட்டுவதே சிக்கனம்.

இங்கேதான் பந்தயக்காரரின் பாடம் தலைகீழாகின்றது. அவர் நாடியது குளிர்ந்த காற்று. மண்ணெண்ணெய் நாடியது சுடுகாற்று. அவர் விரும்பியது உயர்ந்த அமுக்கம். மண்ணெண்ணெயோ அமுக்கம் கூடினால் காலத்துக்கு முன்னரே வெடித்துச் சுத்தியலால் அடித்தாற்போல் ஒலி எழுப்பும். ஆகவே 1977க்குப் பின் வந்த புதிய ஜப்பானியக் கார்களைவிட, தாழ்ந்த அமுக்கமுடைய பழைய ஒஸ்ரினும் மொறிஸும் அக்காலத்துக்கு ஏற்றனவாயின. வெளியுலகம் கழித்துவிட்ட வண்டிகள் நோயாளிகளையும் பிரசவ வேதனைப்பட்ட தாய்மாரையும் மருத்துவமனைக்குச் சுமந்தன. வெண்புகை வீதியெங்கும் பரவிற்று. அதன் நெடி அக்காலத்தவர் நினைவில் இன்றும் உண்டு. ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்ட வேண்டியிருந்ததால், வடியை அப்பாற் போட்டுவிட்டுத் திறந்த வாயோடு ஓடிய வண்டிகள் விரைவிலே தேய்ந்தன. உதிரிப்பாகம் கிடையாத ஊரில் அது மீளமுடியாத இழப்பாகும்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, மழையினூடே அரியாலையையும் செம்மணியையும் கடந்தே நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சென்றனர். நடப்போர் நெருக்கத்திடையே வண்டிகள் அடியடியாக நகர்ந்தன. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு இதனினும் ஒவ்வாத நடை இல்லை. மெல்லச் சென்றால் சூடு தணியும், தணிந்தால் தீப்பொறிச் செருகி நனையும், நனைந்தால் நின்றுவிடும். வேகமே பயன்படாத அந்த வீதியில், எஞ்சின் நின்றுவிடாமல் காப்பதே ஓட்டுநரின் திறமை முழுவதுமாயிற்று.

2002இன் போர்நிறுத்தத்தோடு தடைகள் பெரும்பாலும் நீங்கின. கண்டி வீதி அவ்வாண்டு திறக்கப்பட்டு, 2006இல் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. இப்போது புதிய விரைவுக் கார்களுக்குக் கடையிற் காற்றுவாயில் வாங்கிப் பூட்டும் இளைஞர் அரியாலையிலும் இருக்கக்கூடும். கலிபோர்னியாவில் தோன்றிய கே அண்ட் என் நிறுவனத்தின் எண்ணெயூட்டிய பருத்திவலை வடி அத்தகையவற்றுட் புகழ்பெற்றது; கழுவி மீளப் பயன்படுத்தலாம். ஆனால், எண்ணெயை அளவுக்கு மிஞ்சி ஊட்டினால், இக்காலக் கார்களிற் காற்றை அளக்கும் நுண்கருவியின்மேல் அது படிந்து கணக்கைக் கெடுத்துவிடும். குளிர்காற்று நாடி வாயைச் சக்கரத்தருகே தாழ்த்தி வைப்பதும் இவ்வூருக்கு ஏற்றதன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் வீதியில் நீர் நிற்கும். ஒரு மிடறு நீர் உருளைக்குட் போனாற் போதும். நீர் அமுங்காது, எஞ்சினின் தண்டே வளையும். கொழும்பிலோ சென்னையிலோ பொருத்திப் பார்த்தவர் சொல்லும் குதிரைவலுக் கணக்கை நம்புமுன், தன் ஊரின் மணலையும் மழையையும் எண்ணிப் பார்ப்பவனே நல்ல வாயிலைத் தெரிந்தெடுப்பான்.

பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் சில குடாநாட்டில் இன்றும் ஓடுகின்றன. எண்ணெய்த் தொட்டி வடி உள்ளவற்றை வைத்திருப்போர் அவ்வப்போது அதனைக் கழற்றி, அடியிற் படிந்த சேற்றை மண்ணெண்ணெயாற் கழுவி, புதிய எண்ணெய் ஊற்றி, மீண்டும் பூட்டிவிடுகின்றனர்.