உப்பும் கரம்பும்: தொண்டை நாட்டுக் கடலோரத்தில் விதைக்காமல் விளைந்த உணவின் வரலாறு

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருக்கிறது திருவிடந்தை. நித்யகல்யாணப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூருக்குக் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். இடையில் மணல்மேடும் உவர்நிலமும் தோப்புகளும். கால்வாயைத் தாண்டினால் செங்கல்பட்டு வரை ஏரிகள், வயல்கள், புதர்க்காடு மூடிய குன்றுகள். இத்தனை வகை நிலம் அடுத்தடுத்துக் கிடப்பதால் தானாய் முளைப்பவையும் பல வகை. உவரில் உமரி, வரப்பில் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும், ஏரியில் வள்ளையும் ஆரையும் கொட்டிக்கிழங்கும், வேலியில் முடக்கத்தானும் பிரண்டையும், புதர்க்காட்டில் காரை, களா, சூரை, ஈச்சை. இவற்றைப் பறித்து உண்ட வழக்கத்தைப் பஞ்சத்து உணவு என்று ஒதுக்கிவிடுவது நம்மிடையே நெடுநாள் பழக்கம். வறுமை போனதும் வழக்கமும் போயிற்று என்று அதோடு கதை முடிந்துவிடுகிறது. சான்றுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் அந்தக் கதை நிற்கவில்லை. இந்த உணவின் மதிப்பைச் செடி தீர்மானிக்கவில்லை. அதோடு சேர்ந்த உப்பும் புளிப்பும் தானியமும் தீர்மானித்தன. அது கிடைப்பதையும் கிடைக்காததையும், முளைத்த நிலத்தில் யார் கால் வைக்கலாம் என்பது தீர்மானித்தது.

வேளைக்கீரையை எடுத்துக்கொள்வோம். ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில், பசித்த குடும்பத்துப் பெண் குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, புறங்கூறுவோர் கண்ணில் படாமல் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். புறநானூறு 159-இல் பெருஞ்சித்திரனார் வள்ளல் குமணனிடம் முறையிடுவதும் இதுவே: குப்பைக்கீரைத் தளிர் இருக்கிறது, உப்பில்லை, மோரில்லை, சோறில்லை. பஞ்சத்து உணவு என்போர் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தப் பாடல்களைத்தான். ஆனால் 215-ஆம் பாடலில் கோப்பெருஞ்சோழன் பிசிராந்தையாரின் நாட்டைச் சொல்லும்போது, அதே வேளையின் பூவைத் தயிரில் இட்டு ஆயமகள் புளிப்பாகச் சமைக்கிறாள். அவரை பறிக்கும் ஆட்கள் அதை வரகுச் சோற்றோடு வயிறார உண்கிறார்கள். 246-இல் அரசி பெருங்கோப்பெண்டு அடுக்கும் கைம்பெண் நோன்புணவிலோ, வேளை எள் துவையலோடும் புளியோடும் வருகிறது. ஒரே செடி ஓரிடத்தில் நாணம், ஓரிடத்தில் நிறைவு, ஓரிடத்தில் துறவு. முதல் இரண்டு பாடல்களிலும் புலவரின் குறை கீரை மேல் இல்லை. உடன் சேரவேண்டியது இல்லாததன் மேல்தான் இருக்கிறது. கதவை அடைக்கச் செய்தது கீரை என்பதைவிட, உப்புக்கும் வழியற்ற அடுப்பு என்பதே பாடலுக்குப் பொருந்தும்.

வறுமை பாடுவது புலவர் மரபு, அதில் மிகையிருக்கும், அதை வரலாற்றுச் சான்றாக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மிகை உணர்ச்சியில் இருக்கும். வேலை செய்யும் முறையில் மிகைப்படுத்தப் புலவருக்கு அவசியமில்லை. காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்னும் வேட்டுவர் குலப் பெண்களான எயிற்றியர் இரும்புப் பூண் இட்ட கோலால் உழப்படாத கரம்பு நிலத்தைக் குத்திக் கிளறிப் புல்லரிசி எடுக்கிறார்கள். எறும்புகள் இழுத்துச் சேர்த்துவைத்த தானியம் அது என்பது வழக்கமான விளக்கம். விளாமர நிழலில், பிற மான்களைப் பிடிக்கப் பழக்கிய பார்வைமான் கட்டிய முற்றத்தில், நிலத்திலேயே குழித்த உரலில் இட்டுக் குற்றுகிறார்கள். ஆழ்கிணற்று உவர்நீரை முகந்து, வாய் உடைந்த பழம்பானையில் உலைவைத்து, உப்புக்கண்டத்தோடு சமைக்கிறார்கள். இங்கே இரங்கிக் கேட்கும் குரலே இல்லை. வழிப்போக்கனுக்கு நல்ல விருந்தாகவே இது சொல்லப்படுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருளர் பழங்குடியினர் எலிவளையைத் தோண்டி, எலி சேர்த்த நெல்லை எடுத்துவந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். எயினரின் வழிவந்தவர் இருளர் என்று சொல்ல இது போதாது. ஆனால் வேறோர் உயிர் சேமித்த தானியத்தை மண்ணின் மேற்பரப்பைப் பார்த்தே கண்டுபிடிக்கும் அறிவு இந்நிலத்தில் பழையது என்று சொல்லப் போதும்.

முறைகளின் நுணுக்கத்துக்கு இன்னொரு சாட்சி, தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ 1795-இல் வெளியிடத் தொடங்கிய சோழமண்டலக் கரைச் செடிகள் பற்றிய நூல். குட்டை ஈச்சை ஒன்றுக்கு அவர் மாவு தருவது என்ற பொருளில் பீனிக்ஸ் ஃபரினிஃபெரா என்று பெயரிட்டார். அதன் சிறு தண்டை ஆறு அல்லது எட்டுத் துண்டாகப் பிளந்து, காயவைத்து, மர உரலில் இடித்து நாரையும் மாவையும் பிரித்து, சலித்துக் கஞ்சி காய்ச்சினார்கள் என்று எழுதுகிறார். பற்றாக்குறைக் காலத்தில் அது பல உயிர்களைக் காத்தது என்றும் சொல்கிறார். இது பஞ்ச உணவுதான், மறுக்கவில்லை. ஆனால் பஞ்சம் வந்த பிறகு ஒருவர் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பிளக்கும் அளவு, காயும் பக்குவம், சலிக்கும் பதம் எல்லாம் நல்ல காலத்திலும் கைவிடாமல் பழகியவர்களிடம்தான் இருக்கும். பிரண்டையும் அப்படியே. கையில் எண்ணெய் தடவி, கணுவை நீக்கி, நாரை உரித்து, நல்லெண்ணெயில் வதக்கிப் புளி சேர்க்காவிட்டால் நாக்கு அரிக்கும். அந்தத் துவையலை யாரும் பசிக்காக மட்டும் அரைப்பதில்லை.

அடுத்தது நிலம். இவை முளைத்த இடங்களை ஊர்ப்பொது என்று இனிமையாகச் சொல்லிவிடுவதில் ஓர் ஆபத்து உண்டு. தொண்டை மண்டலத்தின் காணியாட்சி முறையில் கரம்பின் மேலும் மிராசுதார்கள் எனப்பட்ட பரம்பரை நில உரிமையாளர்கள் உரிமை கொண்டாடினார்கள். கம்பெனி அதிகாரி எஃப்.டபிள்யூ. எல்லிஸ் மிராசு உரிமை பற்றித் தந்து 1818-இல் அச்சான பதில்கள் இவ்வுரிமையை விரிவாக ஆராய்கின்றன. ஆக, பறிப்பது எல்லோருக்கும் சமமான உரிமையாக ஒருபோதும் இருந்ததில்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கை, உழுபவருக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலையைப் பதிவு செய்தது. ஒடுக்கப்பட்டோருக்கான பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்ததும் அதுதான். அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்கள் பிறர் வயலில் களையெடுத்தபோது, பிடுங்கிய களையில் தின்னக்கூடியதை மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். வயலுக்கு உடையவனுக்கு அது களை, அவளுக்குக் குழம்பு. இந்த ஏற்பாட்டை உரிமை என்று யாரும் ஏட்டில் எழுதவில்லை. களைக்கொல்லி வந்தபோது கூலியும் கீரையும் ஒன்றாகப் போயின. ஏட்டில் இல்லாததால் இழப்பைக் கேட்கவும் ஆளில்லை.

உப்பின் கதை இன்னும் கசப்பானது. கோவளம், கேளம்பாக்கம், மரக்காணம் என்று உப்பளங்கள் நிறைந்த கரை இது. 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அதன் பிறகு உவர்நிலத்தில் தானாய்ப் பூத்த உப்பை வாரி எடுப்பதும் குற்றம். உப்பளத்தைச் சுற்றி முளைக்கும் உமரியோ உப்பைத் தன் சதையிலேயே சேர்த்து வைப்பது. இளந்தளிரைக் கிள்ளி, அலசி, கொதிக்கவைத்து, நீரை வடித்துப் பிழிந்த பிறகுதான் பருப்போடோ கருவாட்டோடோ சேர்க்கமுடியும். அதற்கு மேல் உப்புப் போடத் தேவையில்லை. ஆனால் கண்ணெதிரே உப்பு விளையும் கரையில், மற்றக் கீரைகளுக்கு உப்பைக் காசு கொடுத்து வாங்கும் நிலையைச் சட்டம் உண்டாக்கியது. கடலோரக் கிராமத்தார் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ள 1931-இன் காந்தி–இர்வின் உடன்படிக்கை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏழையின் கீரை சுவையற்றது என்ற எண்ணம் வேரூன்றியதில் இந்த ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பங்கில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

நிலம் மூடியது படிப்படியாக. 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் குன்றுப் புதர்க்காடுகளைக் காப்புக்காடாக்க வழிசெய்தது. மணல்வெளி சவுக்குத் தோப்பாயிற்று. பட்டணத்து அடுப்புகளுக்கு விறகு தேவைப்பட்டது, கொண்டுபோகக் கால்வாய் இருந்தது. சவுக்கு மிலாறு மெத்தைபோல் மூடிய தரையில் கீரை முளைப்பது அரிது. பிறகு ஏரிக்கரையையும் புறம்போக்கையும் வேலிகாத்தான் என்னும் சீமைக் கருவேலம் பிடித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்றபின் மனைப்பிரிவுகளும் விடுதிகளும் மணல்மேட்டுக்குச் சுவர் எழுப்பின. 2018 ஏப்ரலில் பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சி நடந்ததும் இதே திருவிடந்தையில்தான். திறந்த வெளிக்கு ஒரு பயன் ஏற்கெனவே இருக்கிறது என்ற எண்ணமே நம் திட்டமிடலில் இடம்பெறுவதில்லை.

நியாயவிலைக் கடை அரிசி வந்தபின் யார் வரப்பில் குனியப்போகிறார்கள் என்பது வலுவான எதிர்வாதம். 2011 முதல் அந்த அரிசி விலையில்லாமலும் கிடைக்கிறது. பசியைத் தணித்ததில் அதன் பெருமையை யாரும் குறைக்கமுடியாது. ஆனால் அரிசி ஈடுசெய்தது புல்லரிசியையும் எலிவளை நெல்லையும்தான். கீரையை அது ஈடுசெய்யவில்லை. வழக்கம் விருப்பக் குறைவால் மறைந்திருந்தால், சந்தையில் அரைக்கீரையும் சிறுகீரையும் தினம் கட்டுக்கட்டாக விற்றிருக்காது. பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் பாத்தி கட்டிப் பயிராக்கப்பட்டிருக்காது. தேவை அப்படியே இருந்தது, பறிக்கும் இடம் போனது, காசு கொடுத்து வாங்கும் பொருளாக அது திரும்பி வந்தது. இன்றைய சாக்கடை ஓரத்திலும் பூச்சிமருந்து அடித்த வயலிலும் பறிப்பது உடம்புக்குக் கேடு என்பது உண்மை. அது செடியின் குற்றமில்லை, நிலத்தை நாம் வைத்திருக்கும் லட்சணம்.

அறிவு முற்றிலும் அழிந்துவிடவில்லை. 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும், 1986-இல் செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பெண்கள் நலச் சங்கமும் தொடங்கின. இரண்டாவது, மூலிகை அறிவை வாழ்வாதாரமாக்க முயன்றது. 2006-இன் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை ஏற்கிறது, ஆனால் அது வனநிலத்துக்கு மட்டும். வரப்பும் ஏரி உட்புறமும் உவர்நிலமும் கோயில் நிலமும் அதில் அடங்கா. இந்த உணவில் பெரும்பகுதி முளைப்பதோ அங்கேதான். 2002-இன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்கவேண்டும். செடியின் பெயரை மட்டும் எழுதினால் அது மூலிகைப் பட்டியலாக நின்றுவிடும். எந்தப் புல எண்ணில் முளைக்கிறது, எந்த மாதத்தில் பறிக்கிறார்கள், பறிப்பவர் யார், எத்தனை முறை நீர் வடிக்கவேண்டும், எதோடு சேர்த்துச் சமைக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். அப்படி எழுதினால், களையெடுத்த பெண்ணின் மடிக்கீரை முதன்முறையாக ஓர் அரசாங்க ஏட்டில் ஏறும். அந்தப் புல எண்ணை வேறு பயனுக்கு மாற்ற முனைவோர் பதில் சொல்லியாகவேண்டிய பதிவாகவும் அது இருக்கும்.