சாவைக் கண்டபின் எண்ணியவை: கம்பம் பள்ளத்தாக்கில் உடல்நலத் தேவைக் கணிப்பின் வரலாறு

ஓர் ஊருக்கு இன்னும் இருபது ஆண்டுகளில் எத்தனை செவிலியர், எத்தனை படுக்கை, எத்தனை பராமரிப்பு ஆட்கள் வேண்டும் என்பதை வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அந்த ஊரில் இதுவரை யாரை எண்ணினார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கு அடங்கிய தேனி மாவட்டத்தில் இந்தக் கணக்கெடுப்பு வளர்ந்த விதத்தைப் பின்தொடர்ந்தால், சாவு கண்ணில் பட்ட பிறகே தேவை கணிக்கப்பட்டிருப்பது தெரிகிறது. இனி வரும் காலத்துக்கு அந்த வழக்கம் உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பள்ளத்தாக்கின் இந்தக் கதை சாவிலிருந்தே தொடங்குகிறது. 1887 முதல் 1895 வரை முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்டபோது கூலியாட்கள் பலரை மலேரியாவும் காலராவும் கொண்டுபோயின. அணை எழுந்தது, தண்ணீர் மலையைக் குடைந்து இறங்கியது, பள்ளத்தாக்கில் இருபோகம் விளைந்தது.

அரை நூற்றாண்டு கழித்து, மக்கள்தொகையை வைத்து மருத்துவத் தேவையைத் திட்டமிடும் முறைக்கு 1946-இல் வெளிவந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை அடித்தளமிட்டது. பின்னர் வந்த அளவுகோல்படி சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம். தலைகளை எண்ணிப் பங்கிடும் இந்த முறை தமிழ்நாட்டுக்குப் பெரும் நன்மை செய்தது, அதில் ஐயமில்லை. ஆனால் அது தூரத்தை எண்ணாது. பெரியகுளத்துக்கு மேலே அகமலைப் பக்கத்துச் சிற்றூர்களில் நோயாளியை இறக்க வேண்டுமென்றால் கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து, ஒற்றையடிப் பாதையில் சுமந்து வர வேண்டியிருந்தது. டோலி கட்டித் தூக்கி வந்தார்கள் என்ற செய்தியை நாளிதழ்களில் பலமுறை படித்திருக்கிறோம். மக்கள்தொகைக் கணக்கில் அந்த மனிதர் மலையடிவாரத்துக்காரரைப் போலவே ஒரு தலைதான்.

இந்தக் கணக்கெடுப்பில் உண்மையான திருப்பம் பெண் சிசுக்கொலை விவகாரத்தில் நேர்ந்தது. 1986 ஜூனில் ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டிப் பகுதியைப் பற்றி வெளியிட்ட அட்டைப்படக் கட்டுரை நாட்டையே உலுக்கியது. இன்றைய தேனி மாவட்டத்தின் ஆண்டிபட்டி அதற்கு அடுத்த வட்டாரம். தேனி அன்று மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது, 1996-இல்தான் பிரிந்தது. 1997-இல் ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா இருவரும் வெளியிட்ட ஆய்வு புதிதாக வீடுவீடாகப் போய்த் திரட்டிய தகவலை மட்டும் நம்பவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில், குழந்தை இறப்புக்கான காரணமாகச் ‘சமூகக் காரணம்’ என்று எழுதப்பட்டிருந்த பதிவுகளை எடுத்துக் கூட்டியது. கொலை நடப்பது கிராம சுகாதார செவிலியருக்குத் தெரிந்திருந்தது, எழுதியும் வைத்திருந்தார். மேலே இருந்தவர்கள் அதுவரை அதைக் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பெற்றோர் வேண்டாமென்ற பெண் சிசுவை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்து சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தேனிக்கும் வந்தது. அந்த ஆண்டின் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 900-க்கும் குறைவான பெண் குழந்தைகளே இருந்தனர். 2011-இல் அது 936 ஆனது. இதைத் தொட்டில்களின் வெற்றி என்று மட்டும் சொல்வது சரியன்று. பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கர்ப்பிணிகளின் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போன செவிலியர்களுக்கும் அதில் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

அதே காலத்தில் இன்னொரு நெருக்கடி. நாமக்கல்லோடு தேனியும் எச்.ஐ.வி. பரவல் மிகுந்த மாவட்டமாக அறியப்பட்டது. மாத்திரை மட்டும் போதாது, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் ஊர் ஒதுக்கிய கைம்பெண்களுக்கும் ஆதரவு வேண்டும் என்பதை இந்நோய்தான் கற்றுக்கொடுத்தது. ஆண்டிபட்டியின் ஆரோக்கிய அகம் போன்ற தொண்டு அமைப்புகள் தொழுநோய், காசநோய்ப் பணியில் பெற்ற அனுபவத்தோடு இதில் இறங்கின. 2004-இல் தேனிக்கு அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய முன்னேற்றம். வருசநாட்டுக்காரருக்கு அது தேனிக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. கம்பத்துக்காரருக்கோ சுமார் 50 கிலோமீட்டர்.

இனி வரப்போவது வேறு வகைத் தேவை. 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள் 12,45,899 பேர்; ஆறு வயதுக்குட்பட்டோர் 1,19,661 பேர், அதாவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மாநில அளவில் அறுபது வயதைக் கடந்தோர் 2011-இல் 10.4 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதமாவார்கள் என்பது மைய அரசின் மதிப்பீடு. திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன பிள்ளைகளின் பெற்றோர் ஊரில் தனியாக இருக்கிறார்கள். முதுமை திடீர்ச் சாவைப் போலச் செய்தியாகாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலிநிவாரணச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக கேரளத்தின் இடுக்கிக்குப் போய்ப் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறார்கள். பகலில் கதவைத் தட்டும் ஊழியரின் கையில் அவர்கள் எப்படிச் சிக்குவார்கள்? 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் குழந்தைக் காப்பகத்தையும் தோட்ட முதலாளியின் பொறுப்பாக்கியது. தினம் மலையேறி இறங்குபவர்களுக்கு அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. இவர்கள் வேலை செய்வது ஒரு மாநிலத்தில், நோயோடு படுப்பது இன்னொரு மாநிலத்தில். பூச்சிமருந்தும் முதுகுவலியும் இன்று இவர்கள் உடம்பில் சேர்ப்பவை பதினைந்து ஆண்டு கழித்து க.விலக்கு மருத்துவமனை வாசலில் வந்து நிற்கும். அந்த வயதில் இவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் இருப்பார்கள் என்ற கேள்விக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஜீப்புகள் திரும்பும் மாலை நேரத்தில் ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள். தனியாக வாழும் முதியோர், அவர்களைக் கவனிப்பவர் யார், மருத்துவமனைக்குப் போய்ச்சேர எத்தனை மணி நேரம் ஆகிறது என்ற மூன்றையும் செவிலியரின் பதிவேட்டில் சேருங்கள். அந்தப் பட்டியலை ஆண்டுதோறும் கிராம சபையில் வாசித்து, ஊராரைக் கொண்டே விடுபட்டவர்களைச் சேர்க்க வையுங்கள்.