தாத்தாவுக்கு 58, அப்பாவுக்கு 40, எனக்கு 29

இந்த எபிசோட் எங்க வீட்டு சாப்பாட்டு மேஜையில ஆரம்பிச்சது. "இருபத்தொன்பது ஆச்சு, இன்னும் வாடகையே கொடுத்துக்கிட்டிரு. எப்பதான்டா வீடு வாங்கப் போற?"னு அப்பா கேட்டார். பேச்சை மாத்தறதுக்காக, "தாத்தா எப்பப்பா வாங்கினார்?"னு கேட்டேன். பேச்சு மாறல. ஆனா எனக்கு இந்த எபிசோட் கிடைச்சுது.

தாத்தா பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல ஃபிட்டர். வேலையில இருந்த வரைக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸ். 1983-ல, 58 வயசுல ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும், கையில பி.எஃப் பணமும் கிராஜுவிட்டியும் இருக்கு. கொளத்தூர்ல ஒரு மனை வாங்கி ரெண்டு ரூம் கட்டினார். தளம் போடப் பணம் பத்தாம பாட்டியோட வளையல் போச்சு. "எப்ப வாங்கலாம்?"ங்கற கேள்வியே அவருக்கு இல்ல. ரிட்டயர்மென்ட் தேதிதான் பதில்.

வேற வழியே இல்லையான்னா, இருந்தது. அரசு ஊழியர்களுக்கு வீடு கட்ட முன்பணம் கிடைக்கும். கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன. 1961-ல வந்த தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் அசோக் நகர், கே.கே. நகர், அண்ணா நகர்னு பெரிய குடியிருப்புகளையே உருவாக்குச்சு. ஆனா விண்ணப்பம் போட்டுட்டு, குலுக்கல்ல பேர் விழணும்னு சாமி கும்பிடணும். நேரா பேங்குக்குப் போய் "நான் மாசச் சம்பளக்காரன், வீடு வாங்கக் கடன் கொடுங்க"ன்னு கேக்கற பழக்கம் நாட்டுல கிட்டத்தட்ட கிடையாது.

அதை மாத்தினவர் ஹெச்.டி. பரேக். ஐ.சி.ஐ.சி.ஐ-யோட தலைவரா இருந்தவர். தாத்தா ரிட்டயர் ஆனதைவிட எட்டு வயசு அதிகம், 66 வயசுல, 1977 அக்டோபர்ல ஹெச்.டி.எஃப்.சி-யைத் தொடங்கினார். மூலதனம் 10 கோடி ரூபாய். இன்னைக்குச் சாதாரணமாத் தெரியற இந்த ஐடியா அன்னைக்கு எவ்வளவு ரிஸ்க்னு பாருங்க. கடன் வாங்கினவர் கட்டலைன்னா, வீட்டைக் கைப்பற்ற கோர்ட்டுக்குப் போகணும். அதுக்கு எத்தனை வருஷம் ஆகும்னு சொல்லத் தேவையில்லை. 1978-ல அவங்க கொடுத்த முதல் கடன், மும்பை மாலாட் பகுதியில ஒரு வீட்டுக்கு. வீட்டோட செலவு 70,000 ரூபாய், கடன் 30,000. மிச்சம் 40,000, அதாவது பாதிக்கும் மேல, அவரோட சொந்தப் பணம்! அவ்வளவு சேர்க்கவே ஒருத்தருக்கு வயசாயிடும். கடன் வந்த உடனே எல்லாரும் முப்பதுல வீடு வாங்கிடல.

வயசு இறங்கினதுக்கு சட்டமும் வட்டியும்தான் காரணம்னு நான் நினைக்கறேன். 1988-ல தேசிய வீட்டு வசதி வங்கி வந்தது. 2002-ல வந்த சர்ஃபேசி சட்டம், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்கற அதிகாரத்தை பேங்குகளுக்குக் கொடுத்தது. அப்புறம் வரி. வருமான வரிச் சட்டம் 1961-ஓட 24-வது பிரிவுல ஒரு தொல்லியல் அடுக்கே இருந்தது: 1999 ஏப்ரல் 1-க்கு முன்னாடி வாங்கின கடன்னா வட்டிக்கழிவு 30,000 வரைதான். அதுக்கப்புறம் வாங்கினா 1,50,000, 2014-ல அது 2 லட்சம். (யாரும் டெலீட் பண்ணத் துணியாத பழைய கோட் மாதிரி.) "கடன் வாங்கு"ன்னு அரசாங்கமே முதுகுல தட்டுன காலம் அது.

அந்தத் தட்டுல வாங்கினவர்தான் எங்க அப்பா. 2004-ல, 40 வயசுல. 8 லட்சம், 15 வருஷம், 7.5 சதவீதம். இ.எம்.ஐ 7,416 ரூபாய். ஃப்ளோட்டிங் வட்டி. 2008-ல அது 11 சதவீதம் ஆச்சு. ஆனா மாசாமாசம் போனது அதே 7,416தான், அதனால வீட்டுல யாருக்கும் எதுவும் தெரியல. பேங்க் இ.எம்.ஐ-யைத் தொடாம தவணைக் காலத்தை நீட்டிடுச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 132 மாசம் பாக்கி இருந்த கடன், ஒரே அடியில 189 மாசம். அம்பத்தேழு மாசம் கூடுதல்! அப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சது, வருஷக் கடைசி ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தப்போ. அந்த வருஷம் எங்க ஊட்டி ட்ரிப் கேன்சல் ஆச்சு. காரணம் எனக்கு இப்பதான் புரியுது.

வட்டி ஏறும்போது இ.எம்.ஐ-யைக் கூட்டணுமா, காலத்தை நீட்டணுமான்னு கடன்காரரைக் கேக்கணும்னு ரிசர்வ் வங்கி சொன்னது 2023 ஆகஸ்ட்ல. 2020-ல 4 சதவீதமா இருந்த ரெப்போ 2023-ல 6.5 ஆகி, இதே கதை அடுத்த தலைமுறைக்கும் நடந்த பிறகு.

இப்ப என் முறை. புது வரி முறையில இருக்கேன், குடியிருக்கற வீட்டுக்கான அந்த 2 லட்சம் கழிவு எனக்குக் கிடையாது. குவார்ட்டர்ஸ் கிடையாது. அடுத்த லே-ஆஃப் மெயில்ல என் பேர் இருக்குமான்னும் தெரியாது. "பொறுப்பு வந்தா வாங்குவ"ன்னு அப்பா சொல்றார். அவர் 2004-ல வாங்கினதுக்குப் பொறுப்பு மட்டும்தான் காரணமா என்ன?

எக்செல்ல ஒரு ஷீட் போட்டேன். 50 லட்சம் கடன், 20 வருஷம்: 8.5 சதவீதத்துல இ.எம்.ஐ 43,391. வேலை போனா எத்தனை மாசம் கட்ட முடியும்? என் சேமிப்புல, முன்பணம் போக, நாலு மாசம். பன்னெண்டு மாசம் ஆகற வரைக்கும் வாங்கறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கேன். அப்பாகிட்ட லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல 11 பர்சென்ட்டுக்கு ஒரு வரி சேருடா"ன்னார்.

சேர்த்திருக்கேன்.