ஒரு பருவம், ஐந்து மேலாளர்கள்: பிளாக்பர்ன் ரோவர்ஸ் வரலாறு

ஒரே தொழிலை நம்பி வாழும் ஊரின் இயல்பை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தவராகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கடல் கடந்து தோலும் காலணியும் வாங்குவோர் கையைச் சுருக்கினால், இங்கே தேநீர்க்கடை வரை அதன் நிழல் விழும். இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் அத்தகைய ஓர் ஊர் பிளாக்பர்ன். அதன் தொழில் பருத்தி நெசவு. அதன் பெருஞ்சந்தை இந்தியா. நம் முன்னோர் உடுத்திய ஆலை வேட்டிகளில் கணிசமானவை அவ்வூர்த் தறிகளில் பிறந்தவை. முதல் உலகப் போருக்குப் பின் அச்சந்தை சரிந்தது. ஊர் வேலையின்றித் தவித்தது. அந்நியத் துணி மறுப்பால் பாதிக்கப்பட்ட நெசவாளரைக் காண 1931 செப்டம்பரில் காந்தியடிகள் அதன் அண்டை ஊரான டார்வெனுக்கே சென்று தங்கினார்.

ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பின்னும் அவ்வூருக்கு எஞ்சிய பெருமை அதன் கால்பந்துச் சங்கம். 1875இல் தோன்றிய பிளாக்பர்ன் ரோவர்ஸ், 1888இல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டு சங்கங்களுள் ஒன்று. ஆறு முறை எஃப்.ஏ. கோப்பையை வென்றது. நெடுங்காலம் தாழ்ந்து கிடந்த சங்கத்தை 1991இல் தம் பொறுப்பில் ஏற்றவர் ஜாக் வாக்கர். அவ்வூரிலேயே பிறந்து எஃகு வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். அவர் பணம் தந்தார். அணியைக் கென்னி டால்கிளிஷ் என்னும் மேலாளரிடம் ஒப்படைத்தார். 1995இல் ரோவர்ஸ், 81 ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தின் சாம்பியன் ஆயிற்று. 2000இல் வாக்கர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற அறக்கட்டளை, சங்கத்தை எவரிடமாவது விற்றுவிடக் காத்திருந்தது.

2010 நவம்பரில் வாங்கியவர்கள் நம் நாட்டவர். புனேயைச் சேர்ந்த வெங்கிஸ் குழுமம், ஏறத்தாழ 23 மில்லியன் பவுண்டு கொடுத்து, கடன்களையும் ஏற்றுக்கொண்டது. பிரீமியர் லீக் சங்கம் ஒன்றை இந்திய நிறுவனம் வாங்கியது அதுவே முதன்முறை. இக்குழுமத்தின் நிறுவனர் பி.வி. ராவ் தமிழ்நாட்டுக்கும் அந்நியர் அல்லர். நாமக்கல் முட்டை விலையை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாக முன்னின்றவர் அவரே. கோழி வளர்ப்பை இந்நாட்டில் பெருந்தொழிலாக்கிய அக்குடும்பத்தின் திறமையை யாரும் ஐயுறவில்லை. ராவின் மகள் அனுராதா தேசாயும், மகன்கள் வெங்கடேஷ், பாலாஜி இருவரும் புதிய உரிமையாளர்கள். ஆனால் வீடு புனேயில். விளையாட்டுத் திடல் பிளாக்பர்னில்.

ஒரு மாதம் கூட நிறையவில்லை. பட்டியலில் 13ஆம் இடத்தில் அணியை நிறுத்தியிருந்த அனுபவசாலி சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். பயிற்சியாளர்களுள் ஒருவரான ஸ்டீவ் கீன் மேலாளரானார். 2011 பிப்ரவரியில், சங்கத்தைப் பல்லாண்டுகள் நடத்திய தலைவர் ஜான் வில்லியம்ஸ் விலகினார். அணி வீரர்கள் உடைமாற்றும் அறையில் அமர்ந்து கோழி உண்ணும் விளம்பரம் ஒன்று வெளிவந்து நகைப்புக்கு இடமாயிற்று. அவ்வாண்டு, கடைசி நாள் ஆட்டத்தில் வென்றே அணி தப்பியது. அடுத்த ஆண்டு தப்பவில்லை. 2012 மே 7 அன்று சொந்தத் திடலில் விகன் அணியிடம் தோற்று, பதினோரு ஆண்டுகள் இருந்த முதல் தளத்திலிருந்து கீழிறங்கியது. அன்று திடலுக்குள் யாரோ சங்கத்தின் வண்ணம் போர்த்தி விட்ட கோழி ஒன்று ஓடித் திரிந்த காட்சியை உலகமே பார்த்தது.

ஆயினும் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது அதற்கடுத்த 2012-13 பருவத்தையே. அப்போது நிர்வாகத்தில் மூன்று குரல்கள் ஒலித்தன. உலகளாவிய ஆலோசகர் என்னும் பட்டத்தோடு வந்தவர் ஷெப்பி சிங். மலேசியாவின் முன்னாள் ஆட்டக்காரர், விளையாட்டுத் தொலைக்காட்சி வழியே இந்திய நேயர்களுக்கும் பழகிய முகம். நிர்வாக இயக்குநர் டெரெக் ஷா. இவர்களுக்கு மேலே, புனேயில் குடும்பம். யார் சொல் இறுதிச் சொல் என்பது வெளியே எவருக்கும் விளங்கவில்லை; உள்ளேயும் விளங்கியதாகத் தெரியவில்லை.

செப்டம்பர் இறுதியில் கீன் விலகினார். தம் நிலை நீடிக்க இயலாததாக ஆக்கப்பட்டது என்றார். எரிக் பிளாக் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அக்டோபர் 31 அன்று, 1995 வெற்றி அணியில் ஆடிய நார்வேக்காரர் ஹென்னிங் பெர்க் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்தார். பத்து ஆட்டங்களில் ஒரே வெற்றி. 57ஆம் நாள் நீக்கம். அடுத்து கேரி பௌயர் தற்காலிகம். 2013 ஜனவரியில் மைக்கேல் ஆப்பிள்டன். பிப்ரவரியில் ஆர்சனல் அணியை அதன் திடலிலேயே கோப்பைப் போட்டியில் வீழ்த்திய மகிழ்ச்சி அடங்கும் முன்னர், மார்ச் 19 அன்று 67ஆம் நாளில் அவருக்கும் நீக்கக் கடிதம் வந்தது. மீண்டும் பௌயர். ஒரே பருவத்தில் ஐவர்! அணி 17ஆம் இடத்தில் முடித்து, இன்னொரு சரிவிலிருந்து தப்பியது.

இப்பருவத்தின் உட்பொருள் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. எஞ்சிய ஒப்பந்தக் காலத்துக்குரிய ஊதியம் கோரி பெர்க் வழக்குத் தொடுத்தார். தொகை தரவேண்டியதே என முதலில் ஒப்புக்கொண்ட சங்கம், பின்னர் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற முயன்றது. அத்தகைய ஒப்பந்தம் செய்ய நிர்வாக இயக்குநருக்கு அதிகாரமே இல்லை என வாதிட்டது. நீதிபதி அதை ஏற்கவில்லை. 57 நாள் பணிக்கு 2.25 மில்லியன் பவுண்டு வழங்கத் தீர்ப்பாயிற்று. தொகையினும் அந்த வாதமே நம் கவனத்துக்குரியது. தன் நிர்வாக இயக்குநருக்கு என்ன அதிகாரம் உண்டு என்பதையே மறுத்துப் பேசும் நிறுவனம், தனக்குத் தலை எங்கே என்று தானே அறியாத நிறுவனம்.

அயல்நாட்டார் வாங்கியதால் சங்கம் கெட்டது என்று பலர் எழுதினர். இது முழு உண்மையன்று. அந்த உரிமையாளர்கள் பணம் தரவும் தயங்கவில்லை. ஆண்டுதோறும் பெருந்தொகை இட்டனர். 2017இல் அணி மூன்றாம் தளத்துக்கே வீழ்ந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் வந்த டோனி மௌப்ரேயை, வீழ்ச்சிக்குப் பின்னும் அவர்கள் நீக்கவில்லை. மறு ஆண்டே அணி மேலேறியது. அவர் 2022 வரை பணியாற்றினார். அதே உரிமையாளர், அதே தொலைவு. மாறியது ஒன்றே: ஒருவரை அமர்த்தி, அவரிடம் காரியத்தை விட்டுவைத்தார்கள். தொலைவின் இடர் பிறகும் தீரவில்லை என்பது வேறு. 2023இல் இந்தியாவிலிருந்து சங்கத்துக்குப் பணம் அனுப்பவே தில்லி உயர்நீதிமன்றத்தின் இசைவு வேண்டியிருந்தது.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் 51ஆம் அதிகாரம். தெரிந்து வினையாடல் 52ஆம் அதிகாரம். ஆளைத் தேர்வது வேறு, தேர்ந்தவரிடம் வினையை ஒப்படைப்பது வேறு என்று கண்டே வள்ளுவர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார் போலும். பிளாக்பர்னில் 51ஆம் அதிகாரம் முடியுமுன் 52ஐத் தொடங்கினார்கள். அதையும் 57 நாளில் மூடினார்கள்.

தொழிற்சாலை ஒன்றில் முதலாளி வெளியூரில் இருக்க, மேலாளர் ஒன்று சொல்ல, மேஸ்திரி மற்றொன்று சொல்ல, இடையில் நிற்கும் தொழிலாளியின் நிலை இவ்வட்டாரத்தில் யாவரும் அறிந்ததே. பிளாக்பர்னில் அந்த இடத்தில் நின்றவர்கள், தலைமுறை தலைமுறையாக நுழைவுச்சீட்டு வாங்கிய ஊர்மக்கள். நெசவு போன பின்னும் சனிக்கிழமைதோறும் திடலில் கூடி, தம் ஊர் இன்னும் இருக்கிறது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள். சங்கத்தின் பத்திரம் புனேயில் இருந்தது, இழப்பு அவர்களுடையதாயிற்று.