ஏடு பிரிந்த செபநூல்

பாரிஸ் மாநகரின் மேல் விரிந்த வானத்தில் வலக்கை ஒன்று மட்டும் ஒளி சூழத் தோன்றுகிறது. அதனைக் கண்ட பேய்கள் சிதறி ஓடுகின்றன. கீழே அடியார் கூட்டம் நமக்கு முதுகு காட்டி மண்டியிட்டிருக்கிறது. அவர்களுக்கு அப்பால் செயின் ஆறு, பாலம், நோத்ருதாம் பேராலயம். ஒரு சாண் உயரமும் இல்லாத இவ்வோவியம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

தீட்டியவர் தூர் நகரத்து ழான் ஃபூக்கே. இத்தாலி சென்று போப்பாண்டவரின் உருவத்தையே வரைந்து மீண்டவர். தீட்டச் செய்தவர் ஏழாம் சார்லஸ் மன்னரின் கருவூல அதிகாரி எத்தியேன் செவாலியே. காலம் ஏறத்தாழ 1452 முதல் 1460 வரை. பாரிஸ் ஆங்கிலேயர் பிடியிலிருந்து 1436இல் மீண்டது. நூறாண்டுப் போர் 1453இல் ஓய்ந்தது. அந்நகரத்தின் மீது காக்கும் கையை வரைந்ததன் பொருள் அக்கால மக்களுக்கு விளக்காமலே விளங்கியிருக்கும்.

ஓவியத்தின் தளம் கன்றின் தோல். இது கேட்கும்போதே நம் நெஞ்சம் கூசுகிறது. எனினும் அக்கால ஐரோப்பாவில் உயரிய நூல்களுக்கு அதுவே ஏடு. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைவடிவக் கத்தியால் சுரண்டி மெலிதாக்குவர். பொன்துகளைக் குழைத்து நுண்கோடுகளாக இழைப்பதில் ஃபூக்கே வல்லவர்.

இது தனிப்படம் அன்று. செபநூல் ஒன்றின் பக்கம். பகலும் இரவும் எட்டு வேளைகளாகப் பகுக்கப்பட்டு, வேளைக்கொரு செபம் வகுக்கப்பட்டிருந்தது. இப்படம் தூய ஆவியாரை நோக்கிய மாலைச் செபத்திற்கு உரியது. இருள் கவியும் நேரத்தில் நூலைத் திறப்பவர் கண்முன் இருளின் பேய்கள் ஓடும். அந்த நேரமும் அந்தச் சொற்களும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் நூல் சிதைக்கப்பட்டது. ஓவிய ஏடுகள் தனித்தனியே வெட்டி எடுக்கப்பட்டன. பலவற்றில் செப வரிகளை மறைத்து அலங்காரத் துண்டுகளை ஒட்டினர். படத்தை விரும்பியோர்க்குச் சொல் இடையூறாகத் தோன்றியது போலும்! செபிப்பதற்காகச் செய்த நூலுக்கு இதனினும் பெரிய இழப்பு வேறில்லை.

அறியப்பட்ட 47 ஓவியங்களுள் நாற்பதை ஓமால் கோமகன் 1891இல் விலைக்கு வாங்கித் தம் சான்டிலி மாளிகையில் சேர்த்தார். புனித ஸ்தேவானுடன் செவாலியே மண்டியிட்டிருக்கும் பக்கமும், அவர் வணங்கும் அன்னை மரியாளின் பக்கமும் நல்வாய்ப்பாக அங்கு ஒன்றாகவே உள்ளன. எஞ்சியவை பாரிஸ், லண்டன், நியூயார்க் எனப் பல இடங்களில் கிடக்கின்றன. சான்டிலிச் செல்வங்கள் வெளியே இரவலாகச் செல்லலாகாது என்பது கோமகன் விதித்த நிபந்தனை. ஆகவே ஏடுகள் ஒருநாள் கூடுவதாயின், மற்றவையே அவ்விடம் தேடிச் செல்ல வேண்டும்.